அறிவொளியும் எழுப்புதலும்: காலனிய அமெரிக்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வரலாற்றுத் தாள் எழுதும் மாணவர்கள், சபையில் வளர்ந்த நண்பர்கள், பகுத்தறிவு இயக்கத்தில் ஈடுபாடுள்ள நண்பர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அறிவு ஒரு கட்சி, பக்தி இன்னொரு கட்சி என்றுதான் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து மனிதர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால் அப்படிப் பிரிக்கவே முடியாது. அதனால்தான் கேள்விகளைத் தொகுத்து, கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

முதலில் இது என்ன, எந்தக் காலம் என்று சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிரிட்டனின் 13 காலனிகள் இருந்த காலம். ஐரோப்பாவில் நியூட்டனின் இயற்பியலும் (1687), ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் அறிவு பற்றிய ஆய்வும், அரசு பற்றிய எழுத்துகளும் வெளிவந்து கொஞ்ச காலத்திலேயே கப்பலேறி பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் வந்துவிட்டன. உலகம் விதிகளின்படி இயங்குகிறது, அந்த விதிகளை மனிதன் கவனித்தும் கணக்கிட்டும் தெரிந்துகொள்ளலாம், ஆட்சியாளனும் கேள்விக்கு உட்பட்டவன்தான் என்ற எண்ணங்கள் பரவின. இதைத்தான் அறிவொளி என்கிறோம்.

அதே தலைமுறையில், முக்கியமாக 1734 முதல் 1745 வரை, ஊர் ஊராக எழுப்புதல் கூட்டங்கள் நடந்தன. ஞானஸ்நானம் வாங்கியதும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவதும் போதாது, ஒவ்வொருவரும் தன் பாவத்தை உணர்ந்து மனந்திரும்பி மறுபடியும் பிறக்க வேண்டும் என்பதே அங்கே கேட்ட செய்தி. இது மாபெரும் எழுப்புதல் என்று அழைக்கப்படுகிறது.

இரண்டும் எதிரும் புதிருமானவை தானே? அறிவியல் ஒரு பக்கம், பாதிரியார்கள் ஒரு பக்கம்?

இதற்கு 1721இல் பாஸ்டனில் நடந்ததைப் பாருங்கள். பெரியம்மை ஊரைச் சூறையாடியது. சுமார் 11,000 பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறத்தாழ 5,900 பேருக்கு அம்மை கண்டது. 844 பேர் இறந்தார்கள். அப்போது அம்மை குத்தலாம் என்று குரல் கொடுத்தவர் காட்டன் மேதர் என்ற பியூரிட்டன் (இங்கிலாந்துச் சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவு) போதகர். நோயாளியின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி அதில் வைக்கும் முறை அது. இதை மேதருக்குச் சொன்னவர் அவருடைய வீட்டில் அடிமையாக இருந்த ஒனிசிமஸ் என்ற ஆப்பிரிக்கர். தன் ஊரில் தனக்கே இப்படிச் செய்தார்கள் என்று சொல்லி, கையில் இருந்த தழும்பைக் காட்டியிருக்கிறார்.

எதிர்த்தது யார்? ஊரிலேயே மருத்துவப் பட்டம் பெற்ற ஒரே ஆளான வில்லியம் டக்ளஸ். அவரோடு சேர்ந்து ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் நடத்திய பத்திரிகையும் எதிர்த்தது. அங்கே அச்சுக்கூடப் பயிற்சியாளாக இருந்த 15 வயதுத் தம்பிதான் பின்னாளில் மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின். எதிர்ப்பு எவ்வளவு முற்றியது என்றால், மேதர் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு குண்டை வீசினார்கள். நல்லவேளை, அது வெடிக்கவில்லை. சப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் துணிந்து சுமார் 240 பேருக்கு அம்மை குத்தினார். இறந்தவர்கள் 6 பேர். இயல்பாக நோய் கண்டவர்களில் ஏழில் ஒருவர் செத்திருக்கிறார். இந்தக் கணக்கை வைத்து வாதாடியவர் போதகர். பின்னாளில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் நான்கு வயது மகனுக்கு அம்மை குத்தாமல் விட்டு, 1736இல் அவனைப் பறிகொடுத்தார். அந்த வருத்தத்தைத் தன் சுயசரிதையில் பிற பெற்றோருக்குப் பாடமாக எழுதி வைத்திருக்கிறார்.

சரி, எழுப்புதல் ஏன் அந்தச் சமயத்தில் வந்தது?

ஒரே காரணம் கிடையாது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலிய வடக்குக் காலனிகளான நியூ இங்கிலாந்தை உருவாக்கிய பியூரிட்டன்களின் முதல் தலைமுறைக்கு இருந்த வேகம் பேரப்பிள்ளைகளிடம் இல்லை. சபையில் முழு உறுப்பினராக வேண்டுமானால் தன் மனமாற்ற அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாதவர்கள் பெருகியதால், 1662இல் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஒரு நடுவழி கண்டார்கள். கோயில் நிரம்பியது, ஆனால் பலருக்கு அது பழக்கமாகவே இருந்தது. இன்னொரு பக்கம் வணிகம் வளர்ந்தது, நிலம் தேடி இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், தொற்றுநோய்கள் வந்தபடி இருந்தன.

ஐரோப்பாவிலும் இதே தாகம் இருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம், இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி சகோதரர்களின் முயற்சி எல்லாம் கடிதங்கள் வழியாகவும் அச்சுப் பிரசுரங்கள் வழியாகவும் ஒன்றையொன்று தூண்டின. மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டனில் 1734–35இல் நடந்த எழுப்புதலைப் பற்றி அவ்வூர்ப் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் எழுதிய அறிக்கை 1737இல் லண்டனில் அச்சானது. பிற ஊர்களில் எழுப்புதலை எதிர்பார்த்தவர்களுக்கு அதுவே ஒரு கைநூலாகிவிட்டது.

எட்வர்ட்ஸ் என்றால் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தியவர் தானே? அவரிடம் என்ன அறிவொளி?

1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்ட் என்ற ஊரில் அவர் செய்த பிரசங்கம் ஒன்றை மட்டும் படிப்பதால் வரும் எண்ணம் இது. நெருப்பின்மேல் சிலந்தியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் கடவுள் உன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அதில் வரும் படிமம். கேட்டவர்கள் அலறிய அலறலில் அவர் பேச்சை நிறுத்தி, அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தச் சிலந்தியை அவர் எங்கே பார்த்தார் தெரியுமா? இளைஞராக இருந்தபோது, காற்றில் நூல் விட்டு மரத்துக்கு மரம் பறக்கும் சிலந்திகளைக் காட்டில் நின்று கவனித்து, நூல் எப்படிக் காற்றைவிட லேசாகி மேலே போகிறது என்று விளக்கி, 1723இல் ஓர் அறிவியல் கடிதம் எழுதினார். யேல் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே நியூட்டனும் லாக்கும் அவருக்குப் பழக்கம். அறிவு புலன் அனுபவத்திலிருந்து வருகிறது என்று லாக் சொன்னதை எடுத்துக்கொண்டு, தேன் இனிப்பு என்று கேள்விப்படுவதும் தேனைச் சுவைப்பதும் வேறு வேறு, கிருபையும் அப்படித்தான் என்று வாதிட்டார். என் கணிப்பில், காலனி அமெரிக்காவில் லாக்கை இவ்வளவு ஆழமாக வாசித்தவர்கள் மிகச் சிலரே.

1746இல் வந்த அவருடைய நூல் முழுவதும், எந்த உணர்ச்சி உண்மையான பக்தி, எது வெறும் பரபரப்பு என்று சோதித்துப் பிரிக்கும் முயற்சி. அவருக்கு அது ஏட்டளவிலான கேள்வியாக இருக்கவில்லை. 1735இல் எழுப்புதலின் உச்சத்தில் அவருடைய தாயின் சகோதரியை மணந்த ஜோசப் ஹாலி, தன் ஆத்துமா கெட்டுப்போய்விட்டது என்ற மனச்சோர்வில் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். 1758இல் எட்வர்ட்ஸ் இறந்ததும் அம்மை குத்திக்கொண்டதால் வந்த காய்ச்சலில்தான். அறிவியல்மேல் நம்பிக்கை வைத்து, மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் குத்திக்கொண்டவர் அவர்.

வைட்ஃபீல்ட் கூட்டத்துக்கு 20,000, 30,000 பேர் வந்தார்கள் என்கிறார்களே, மைக் இல்லாத காலத்தில் நம்பலாமா?

ஜார்ஜ் வைட்ஃபீல்ட் இங்கிலாந்திலிருந்து ஏழு முறை அமெரிக்காவுக்கு வந்த ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தின் அரசுச் சபை) போதகர். 1739–40 பயணத்தின்போது அவருக்கு வயது 25தான். கோயில் கொள்ளாததால் வயல்களிலும் தெருக்களிலும் பேசினார். பிலடெல்பியாவில் மார்க்கெட் தெரு நீதிமன்றப் படிகளில் நின்று அவர் பேசியபோது, கூட்டத்தின் கடைசியில் நின்ற ஃபிராங்க்ளினுக்கும் இதே சந்தேகம் வந்தது. அவர் ஆற்றங்கரைப் பக்கமாகப் பின்னோக்கி நடந்து, குரல் எதுவரை தெளிவாகக் கேட்கிறது என்று பார்த்தார். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஓர் அரைவட்டம் போட்டு, ஆளுக்கு 2 சதுர அடி என்று கணக்கிட்டால் 30,000 பேருக்குமேல் கேட்கலாம் என்று வந்தது. இது குரல் எட்டும் எல்லைதான். அன்று அத்தனை பேர் வந்தார்கள் என்று ஆகாது. பாஸ்டனில் 20,000 பேர் கூடினார்கள் என்ற செய்தியும் அந்த நகரின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகம். ஆகவே எண்களைக் கொஞ்சம் குறைத்துத்தான் படிக்க வேண்டும்.

கூட்டம் பெரிது என்பதில் மட்டும் ஐயமில்லை. கனெக்டிகட் விவசாயி நேதன் கோல் எழுதிவைத்ததைப் படித்தால் அது கண்முன் வரும். 1740 அக்டோபர் 23 காலை, வைட்ஃபீல்ட் மிடில்டவுனில் பேசப்போகிறார் என்று ஆள் வந்து சொன்னதும், கையில் இருந்த கருவியை வயலிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, மனைவியைக் கிளம்பச் சொல்லி, குதிரையைப் பிடித்து வந்தார். 12 மைல் போக வேண்டும். குதிரைக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் தான் இறங்கி, மனைவியை நிற்காமல் ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஓடினார். தூரத்தில் ஆற்றுப்பனி போல ஏதோ எழும்புவது தெரிந்தது, இடி போன்ற ஓசை கேட்டது. கிட்டே போனால் அது சாலை நெடுகக் குதிரைகள் கிளப்பிய புழுதி. பேச்சைக் கேட்ட பிறகு அவருக்கு நிம்மதி போய்விட்டது. தன் நற்செயல்கள் தன்னைக் காப்பாற்றாது என்ற எண்ணத்தோடு நெடுநாள் போராடி, கடைசியில் ஊர்ச் சபையைவிட்டே பிரிந்தார்.

கிறிஸ்துவை நம்பாத ஃபிராங்க்ளின் எப்படி வைட்ஃபீல்டுக்கு நண்பரானார்?

ஃபிராங்க்ளின் கடவுள் இல்லை என்றவர் அல்ல. உலகைப் படைத்த ஒருவர் உண்டு, அவரை வணங்கச் சிறந்த வழி மனிதருக்கு நன்மை செய்வது என்று நம்பினார். கிறிஸ்துவின் தெய்வத்தன்மை பற்றி ஐயம் உள்ளவர். வைட்ஃபீல்டின் பிரசங்கங்களையும் நாட்குறிப்புகளையும் அச்சிட்டு விற்றதால் அவருக்கு நல்ல வருமானமும் இருந்தது. ஆனால் வியாபாரத்தோடு நிற்கவில்லை. ஜார்ஜியாவில் வைட்ஃபீல்ட் கட்டிய அநாதை இல்லத்தின் திட்டம் ஃபிராங்க்ளினுக்குப் பிடிக்கவில்லை. ஆளும் பொருளும் இருக்கும் பிலடெல்பியாவில் கட்டி, பிள்ளைகளை இங்கே கொண்டுவாருங்கள் என்றார், வைட்ஃபீல்ட் கேட்கவில்லை. அதனால் ஒரு காசும் தருவதில்லை என்ற முடிவோடுதான் கூட்டத்துக்குப் போனார். பேச்சு வளர வளரச் செப்புக் காசைக் கொடுக்கலாம் என்று தோன்றியது, பிறகு வெள்ளி, கடைசியில் தங்கம் உட்படப் பை முழுவதையும் தட்டில் கொட்டிவிட்டார்.

வைட்ஃபீல்ட் பேசுவதற்காக 1740இல் பிலடெல்பியாவில் ஒரு பெரிய கட்டடம் எழுந்தது. எந்த மதத்துப் போதகர் வந்தாலும் பேசலாம் என்பது விதி. கான்ஸ்டான்டிநோபிள் முஃப்தி இஸ்லாமைப் போதிக்க ஆள் அனுப்பினாலும் மேடை தயார் என்று ஃபிராங்க்ளின் பெருமையோடு எழுதினார். அந்தக் கட்டடமே பிறகு அவர் தொடங்கிய கல்விக்கூடத்துக்கு வந்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

இடிதாங்கி வைத்தால் கடவுள் கோபம் வரும் என்று போதகர்கள் தடுத்தார்களாமே?

1755 நவம்பர் 18 அன்று மாசசூசெட்ஸை நிலநடுக்கம் உலுக்கி, பாஸ்டனில் ஏராளமான புகைபோக்கிகள் சரிந்தன. ஃபிராங்க்ளினின் இடிதாங்கிகள் மேகத்து மின்சாரத்தை இழுத்துப் பூமிக்குள் செலுத்துகின்றன, பாஸ்டனில்தான் அவை அதிகம், ஒருவேளை அதனால்தான் இங்கே அதிர்வும் அதிகமோ என்று தாமஸ் பிரின்ஸ் என்ற போதகர் எழுதினார். கடவுளின் கைக்குத் தப்ப முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் வின்த்ராப் இதை மறுத்தார். தன் வீட்டு அடுப்படியில் பதித்திருந்த செங்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பித் தாழ்ந்ததைக் கவனித்து, நிலநடுக்கம் அலையாகப் பரவுகிறது என்று விளக்கியவர் அவர்.

பிரின்ஸ் சொன்னது தவறு. ஆனால் அவர் காட்டிய காரணமும் மின்சாரம்தான் என்பதைக் கவனியுங்கள். புது அறிவியலைப் படித்தவர்தான் அவரும். வின்த்ராப்பும் பக்தி உள்ளவர்.

எழுப்புதலை எதிர்த்தவர்கள் யார்? நாத்திகர்களா?

போதகர்களேதான். பாஸ்டனின் முதல் சபைப் போதகர் சார்ல்ஸ் சான்சி 1742–43இல் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அலறலும் மயக்கமும் பரிசுத்த ஆவியின் வேலை அல்ல, மனதைத் தெளிவுபடுத்தாமல் உணர்ச்சியைக் கிளறுவது ஆபத்து என்பது அவர் வாதம். எழுப்புதலை ஏற்றவர்கள் ‘புதிய ஒளி’, எதிர்த்தவர்கள் ‘பழைய ஒளி’ என்று சபைகள் பிளந்தன. கில்பர்ட் டெனன்ட் 1740இல், மனந்திரும்பாத போதகரிடம் இருப்பதே ஆபத்து, நல்ல போதகரைத் தேடிப் போங்கள் என்று பிரசங்கித்தது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

சான்சியின் பயத்துக்கு ஆதாரமும் இருந்தது. ஜேம்ஸ் டேவன்போர்ட் என்ற போதகர் 1743 மார்ச்சில் நியூ லண்டன் துறைமுகத்தில் மதிப்புக்குரிய பழைய சமய நூல்களைக் குவித்துக் கொளுத்த வைத்தார். மறுநாள் ஆடம்பர உடைகளையும் எரிக்கச் சொல்லி, தன் கால்சட்டையையே குவியலில் எறிந்தார். அங்கிருந்த ஒரு பெண் அதை எடுத்து அவர்மீதே திருப்பி எறிந்ததும் கூட்டம் கலையத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவர் தன் தவறுகளை ஒப்புக்கொண்டு அச்சில் மன்னிப்புக் கேட்டார்.

உணர்ச்சிவசப்பட்டவர்கள் கல்வியை வெறுத்தார்கள் என்பது சரியா?

டேவன்போர்ட்டை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் பிரின்ஸ்டன் (1746), பிரவுன் (1764), ரட்கர்ஸ் (1766), டார்ட்மத் (1769) ஆகிய கல்லூரிகளின் பிறப்பில் எழுப்புதல்காரர்களின் கை இருக்கிறது. டேவிட் பிரெய்னர்ட் என்ற மாணவர், தன் ஆசிரியர் ஒருவரைப் பற்றி ‘இந்த நாற்காலிக்கு இருக்கும் அளவு கிருபைகூட அவருக்கு இல்லை’ என்று சொன்னதற்காக யேலிலிருந்து நீக்கப்பட்டார். நமக்கென்று ஒரு கல்லூரி வேண்டும் என்ற எண்ணத்தை இப்படிப்பட்ட சம்பவங்கள் வலுப்படுத்தின. அதே பிரின்ஸ்டனில் 1768 முதல் தலைவராக இருந்த ஜான் விதர்ஸ்பூன், ஸ்காட்லாந்து அறிவொளியின் ஒழுக்கத் தத்துவத்தைப் பாடமாக நடத்தினார். 1771இல் அங்கே பட்டம் பெற்றவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மாடிசன். அவர் கடைசிக் கேள்வியில் மறுபடி வருவார்.

‘எல்லோரும் சமம்’ என்ற பேச்சு அடிமைகளுக்கும் பெண்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் பொருந்தியதா?

கூட்டத்துக்குள் ஓரளவு பொருந்தியது, வெளியே இல்லை. மனமாற்ற அனுபவம் யாருக்கும் வரலாம் என்றால், அதைச் சாட்சி சொல்லும் உரிமையும் யாருக்கும் உண்டு. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் சாரா ஆஸ்போர்ன் என்ற ஆசிரியை 1766–67இல் தன் வீட்டில் நடத்திய ஜெபக்கூட்டங்களுக்கு, அடிமைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். 1770இல் வைட்ஃபீல்ட் இறந்தபோது இரங்கற்பா எழுதிப் புகழ்பெற்றவர், பாஸ்டனில் அடிமையாக இருந்த இளம்பெண் ஃபிலிஸ் வீட்லி.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. எட்வர்ட்ஸ் அடிமைகளை வைத்திருந்தார். வைட்ஃபீல்ட் 1740இல் அடிமைகளைக் கொடுமைப்படுத்திய எஜமானர்களைக் கண்டித்து எழுதினார். பிறகு, அடிமை முறை தடைசெய்யப்பட்டிருந்த ஜார்ஜியாவில் அதை அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார், அநாதை இல்லத்துக்கு வருமானம் வேண்டும் என்று தோட்டத்தில் அடிமைகளை வைத்து வேலையும் வாங்கினார். மோஹிகன் இனத்துப் போதகர் சாம்சன் ஆக்கம் 1766–68இல் பிரிட்டனில் சுற்றி, பூர்வகுடிப் பிள்ளைகளின் படிப்புக்காக ஏறத்தாழ 12,000 பவுண்டு திரட்டித் தந்தார். அந்தப் பணம் பெரும்பாலும் வெள்ளையர் படித்த டார்ட்மத் கல்லூரிக்குப் போனது. இது எனக்கு இன்றும் மனதை உறுத்தும் விஷயம். அறிவொளிக்காரர்களும் இதில் மேலானவர்கள் அல்லர். ஃபிராங்க்ளினும், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனும் அடிமைகளை வைத்திருந்தவர்களே.

நம்ம ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. அம்மை குத்தச் சொன்ன அதே காட்டன் மேதர், தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்குப் பாஸ்டனிலிருந்து லத்தீனில் கடிதம் எழுதினார். சீகன்பால்கு 1719இல் இறந்துவிட, உடன் ஊழியரான கிரண்ட்லர் பதில் எழுதினார். இந்தக் கடிதங்களை மேதர் 1721இல் பாஸ்டனில் புத்தகமாகவே போட்டார். தரங்கம்பாடி மிஷனுக்குப் பின்பலமாக இருந்த ஹாலேயின் அநாதை இல்லம்தான் வைட்ஃபீல்டின் ஜார்ஜியா இல்லத்துக்கு முன்மாதிரி. எட்வர்ட்ஸ் படித்த கல்லூரிக்கு யேல் என்ற பெயர் 1718இல் வந்தது. சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து செல்வம் சேர்த்த எலிஹு யேல், நூல்களையும் துணிச் சரக்கையும் அக்கல்லூரிக்கு நன்கொடையாக அனுப்பியதுதான் காரணம்.

இப்படி ஓர் எழுப்புதலே நடக்கவில்லை, பின்னாளில் கட்டிய கதை என்கிறார்களே?

‘மாபெரும் எழுப்புதல்’ என்ற பெயரை 1842இல் ஜோசப் டிரேசி எழுதிய வரலாறு நிலைநிறுத்தியது. இதை வைத்து, அங்கங்கே தனித்தனியாக நடந்தவற்றை ஒரே இயக்கமாகச் சேர்த்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் ஜான் பட்லர் 1982இல் வாதிட்டார். அதில் நியாயம் உண்டு. தெற்கே வர்ஜீனியாவில் அலை வந்தது 1740களின் பிற்பகுதிக்கு மேல்தான், பல ஊர்களில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நேதன் கோல் கண்ட புழுதி கட்டுக்கதை அல்ல. ஒரு ஊர்ச் செய்தியை அடுத்த காலனியில் அச்சில் படித்து, நம் ஊரிலும் நடக்காதா என்று மக்கள் அப்போதே ஏங்கினார்கள்.

அப்படியானால் பிரிட்டனை எதிர்த்துக் காலனிகள் நடத்திய 1776 புரட்சிக்கு எழுப்புதல்தான் காரணமா, அறிவொளியா?

தேர்வில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் ஆட்கள் அப்படி அணிபிரிந்து நிற்கவில்லை. கொடுங்கோல் அரசனுக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்று 1750இல் புகழ்பெற்ற பிரசங்கம் செய்த ஜோனதன் மேஹ்யூ எழுப்புதலை ஏற்காதவர். மேலே பார்த்த சான்சியும் புரட்சியை ஆதரித்தார். இன்னொரு பக்கம், பேச்சாளர் பேட்ரிக் ஹென்றி சிறுவயதில் எழுப்புதல் போதகர் சாமுவேல் டேவிஸின் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர். வரி, வணிகக் கட்டுப்பாடு, பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் இல்லாமை ஆகியவைதான் சண்டைக்கு நேரடிக் காரணங்கள்.

எழுப்புதல் செய்தது வேறொன்று. டெனன்ட்டின் பேச்சைக் கேட்டுத் தன் போதகரை எடைபோட்டுப் பார்த்து, வேண்டாம் என்று விலகி, கூடிப் பேசித் தனிச் சபை அமைத்த விவசாயிக்கு, அதிகாரத்தை எதிர்த்து நிற்பது புதிய அனுபவம் அல்ல. லாக்கைப் படித்த வழக்கறிஞரும் அந்த விவசாயியும் ஒரே கூட்டத்தில் கைதூக்க முடிந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

மதச் சுதந்திரம் ஜெஃபர்சன் கொடுத்த கொடை தானே? பக்தர்களுக்கு அதில் என்ன பங்கு?

பெரிய பங்கு. வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் சபைதான் அரசுச் சபை. அதைச் சேராமல், உரிமமும் இல்லாமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் என்ற பிரிவின் போதகர்களைச் சிறையில் அடைத்தார்கள். பக்கத்து மாவட்டச் சிறையில் ஐந்தாறு பேர் இப்படி அடைபட்டிருப்பதைப் பார்த்துக் கொதித்து, 22 வயது மாடிசன் 1774இல் நண்பருக்கு எழுதினார். மதப் போதகர்களுக்கு வரிப்பணம் கொடுக்கும் மசோதா வந்தபோது மாடிசன் 1785இல் எதிர்ப்பு மனு எழுதினார். பாப்டிஸ்ட்களும், அரசுச் சபையைச் சேராத இன்னொரு பிரிவான பிரஸ்பிட்டேரியன்களும் தங்கள் மனுக்களில் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டினார்கள். மசோதா விழுந்தது. ஜெஃபர்சன் முன்பே எழுதிவைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரியில் நிறைவேறியது. ஜெஃபர்சன் மனித அறிவின் சுதந்திரத்துக்காகக் கேட்டார், பாப்டிஸ்ட்கள் கிறிஸ்துவின் ராஜ்யத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்று கேட்டார்கள். கேட்டது ஒன்றுதான்.

வடக்கே இது எளிதில் நடக்கவில்லை. எழுப்புதலில் மனந்திரும்பிப் பாப்டிஸ்ட் போதகரான ஐசக் பாக்கஸின் விதவைத் தாயை, அரசு ஆதரித்த சபைக்கான வரியைக் கட்டாததற்காக 1752இல் கனெக்டிகட்டில் சிறைவைத்தார்கள். 1774இல் பிலடெல்பியாவில் காலனிப் பிரதிநிதிகளின் மாநாடான காங்கிரஸ் கூடியபோது பாக்கஸ் மாசசூசெட்ஸ் பிரதிநிதிகளைச் சந்தித்து இந்த வரியை எடுக்கச் சொன்னார். இதைவிடச் சூரிய மண்டலத்தில் மாற்றத்தை எதிர்பார்க்கலாம் என்று அந்தப் பிரதிநிதிகளில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் பதில் சொன்னதாகப் பாக்கஸ் எழுதியிருக்கிறார். பாக்கஸ் 1806இல் இறந்தார். மாசசூசெட்ஸ் அந்த வரியைக் கைவிட்டது 1833இல்தான்.